கடன் அட்டை நிலுவை மாற்றுச் சேவை: பூஜ்ஜிய வட்டிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

கடன் அட்டை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளருக்கு அவ்வப்போது முன்வைக்கும் சேவைகள் பல. அவற்றுள், ஏற்கெனவே வட்டியில் சிக்கிக்கொண்ட ஒருவருக்கு மெய்யாகவே உதவக்கூடியது என்று நான் மதிப்பது பேலன்ஸ் டிரான்ஸ்பர் என்று பரவலாக அறியப்படும் நிலுவை மாற்றுச் சேவையை மட்டுமே. அதிக வட்டி ஏறிக்கொண்டிருக்கும் ஓர் அட்டையின் நிலுவையை வேறொரு நிறுவனத்தின் அட்டைக்கு மாற்றிக்கொண்டால், குறிப்பிட்ட மாதங்களுக்கு வட்டியே இல்லாமலோ மிகக் குறைந்த வட்டியிலோ அதை அடைக்க இடம் கொடுப்பதுதான் இதன் அமைப்பு. எதிர்பாராத மருத்துவச் செலவால் சேர்ந்த ஒரு நிலுவையை அடைப்பதற்கு நான் இதைப் பயன்படுத்தியிருக்கிறேன். குடும்பத்தில் இருவருக்கு விண்ணப்பம் முதல் கடைசித் தவணை வரை உடனிருந்து கணக்குப் பார்த்திருக்கிறேன். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் பூஜ்ஜியத்தை வைத்து இந்தச் சேவையை மதிப்பிடக் கூடாது என்பதும், மாற்றிய தொகையைச் சலுகை மாதங்களால் வகுத்தால் வரும் எண்ணே இதன் உண்மையான விலைச்சீட்டு என்பதும் அந்த அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்டவை.

இந்தச் சேவையின் மதிப்பு, அது எதற்கு மாற்றாக வருகிறது என்பதைப் பொறுத்தது. கடன் அட்டையின் வட்டி பல நாடுகளில் ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது; சில இடங்களில் 40 விழுக்காட்டையும் தாண்டுகிறது. மாதம் 3 விழுக்காடு என்று அச்சிட்டிருப்பதைப் பார்ப்பவர் ஆண்டுக்கு 36 என்று பெருக்கிக்கொள்வார். ஆனால் செலுத்தாத வட்டி அசலோடு சேர்ந்து அதற்கும் வட்டி ஏறுவதால், ஓராண்டு முழுவதும் எதுவும் செலுத்தாமல் விட்டால் உண்மையில் ஏறுவது 42.6 விழுக்காடு. மாத விகிதம் 3.5 ஆக இருந்தால் அது 51 விழுக்காட்டைக் கடந்துவிடும். தாமதக் கட்டணமும் வரிகளும் இதற்கு மேல்.

வட்டி விகிதத்தைவிட அதிகச் சேதம் செய்வது, மாதந்தோறும் இவ்வளவு மட்டும் கட்டினால் போதும் என்று விடும் குறைந்தபட்சத் தொகை என்னும் ஏற்பாடு என்பது என் கருத்து. கணக்குக்கு 1,00,000 நிலுவை என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாகக் கொண்டாலும் விகிதம் மாறாது. மாத வட்டி 3 விழுக்காடு, குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 விழுக்காடு, புதிய செலவு எதுவும் இல்லை. முதல் மாதம் வட்டி சேர்ந்து 1,03,000 ஆகும். கட்ட வேண்டியது 5,150. ஓராண்டு தவறாமல் இப்படிக் கட்டினால் கையை விட்டுப் போன பணம் ஏறத்தாழ 55,000. கடன் குறைந்திருப்பதோ 23,000 மட்டும். மீதி 32,000 வட்டிக்குப் போய்விட்டது. கடன் பாதியாகக் குறைய 32 மாதங்கள் ஆகும். பத்தில் ஒரு பங்காகக் குறைய ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆகும். அதற்குள் செலுத்திய வட்டி மட்டும் 1,25,000-ஐத் தாண்டியிருக்கும். நிலுவை குறையக் குறையக் கேட்கப்படும் தொகையும் குறைந்துகொண்டே வருவதுதான் இதற்குக் காரணம். கட்டுபவருக்குச் சுமை இலேசாகிறது என்று தோன்றும் அதே வேளையில் கடன் நீண்டுகொண்டிருக்கிறது.

இதே கடனை எந்தச் சேவையும் இல்லாமல், முதல் மாதம் கேட்கப்பட்ட அதே 5,150-ஐக் கடைசிவரை மாற்றாமல் கட்டி வந்தால் 30 மாதங்களில் முழுவதும் முடிந்துவிடும். மொத்த வட்டி ஏறத்தாழ 52,000. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுபவர் பாதிக் கடனோடு நிற்கும் காலத்துக்குள், தொகையைக் குறைக்காமல் கட்டியவர் வெளியே வந்துவிடுகிறார். இருவரும் முதல் மாதம் கொடுத்தது ஒரே தொகைதான். நிலுவை மாற்றுச் சேவை கிடைக்காதவருக்கும் இந்த ஒரு வழி எப்போதும் திறந்தே இருக்கிறது என்பதால்தான் சேவையைப் பற்றிப் பேசும் முன் இதைச் சொல்கிறேன்.

இனிச் சேவையின் கணக்கு. மாற்றப்படும் தொகையில் 3 முதல் 5 விழுக்காடு வரை கட்டணமாக எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். அந்தக் கட்டணம் பெரும்பாலும் புதிய நிலுவையோடு சேர்க்கப்படுகிறது. 3 விழுக்காடு கட்டணம், 12 மாதம் வட்டி இல்லை என்னும் சலுகையை எடுத்துக்கொண்டால், 1,00,000 என்பது 1,03,000 ஆகிறது. அதை 12 ஆல் வகுத்தால் மாதம் 8,583. இந்தத் தொகையைக் கட்ட முடிந்தவருக்கு மொத்தச் செலவு 3,000 மட்டுமே. இதே 8,583-ஐப் பழைய அட்டையிலேயே கட்டியிருந்தால் 15 மாதம் ஆகியிருக்கும். வட்டி ஏறத்தாழ 24,900 போயிருக்கும். ஆக, மிச்சம் 21,900. கடன் வாங்கியவருக்கு இவ்வளவு தெளிவான ஆதாயம் தரும் வேறு அட்டைச் சேவையை நான் பார்த்ததில்லை.

மாதம் 8,583 கட்ட வசதி இல்லாதவர் இதைத் தொடவே கூடாது என்று சிலர் எச்சரிக்கிறார்கள். அந்த எச்சரிக்கையை நான் ஏற்கவில்லை. 5,150 மட்டுமே ஒதுக்க முடிந்த ஒருவர் மாற்றிக்கொண்டால், சலுகை முடியும்போது 41,200 மீதி இருக்கும். அது மறுபடியும் மாதம் 3 விழுக்காட்டு வட்டிக்குப் போனாலும் மேலும் 10 மாதங்களில் முடிந்துவிடும். 30 மாதங்கள் 22 ஆகக் குறைகின்றன. கட்டணமும் வட்டியும் சேர்ந்த செலவு 52,000-இலிருந்து 10,000-க்கும் கீழே இறங்குகிறது. சலுகைக் காலத்துக்குள் முடிக்க இயலாவிட்டாலும் கட்டும் பணம் முழுவதும் அசலில் விழும் அந்த மாதங்கள் வீண்போவதில்லை. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சலுகை முடிந்ததும் மீதித் தொகைக்கு மட்டுமே வட்டி தொடங்கும் வகையாக அது இருக்க வேண்டும். சில சலுகைகள் வட்டியைத் தள்ளிவைக்கின்றனவே தவிரத் தள்ளுபடி செய்வதில்லை. கெடுவுக்குள் முழுவதும் அடைக்காவிட்டால் முதல் நாளிலிருந்து கணக்கிட்ட வட்டி மொத்தமாக ஏறிவிடும். பொருள்களைத் தவணையில் வாங்கும் சலுகைகளில் இந்த வகையை அதிகம் காணலாம். விண்ணப்பத்துக்கு முன் வாடிக்கையாளர் சேவையிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டிய முதல் பதில் இதுவே.

கட்டணம் தகுமா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கட்டண விழுக்காட்டைப் பழைய அட்டையின் மாத வட்டி விழுக்காட்டால் வகுத்தால், எத்தனை மாத வட்டியை முன்கூட்டியே கொடுக்கிறோம் என்பது தெரிந்துவிடும். 3 விழுக்காட்டு வட்டிக்கு 3 விழுக்காட்டுக் கட்டணம் என்பது முழு நிலுவைக்கான ஒரு மாத வட்டி. 1.5 விழுக்காட்டு வட்டிக்கு 5 விழுக்காட்டுக் கட்டணம் என்பது மூன்று மாதத்துக்கும் அதிகம். அந்த நிலையில் மூன்று சமத் தவணைகளில் அடைத்துவிடக்கூடியவர் பழைய அட்டையிலேயே தொடர்ந்தால் ஏறும் மொத்த வட்டி ஏறத்தாழ 3 விழுக்காடுதான் என்பதால், மாற்றுவது அவருக்கு நட்டம்.

குறைகள் என்று நான் எழுதப்போகும் எதுவும் மறைத்துவைக்கப்பட்டதல்ல, நிபந்தனைகளில் அச்சிடப்பட்டிருப்பவையே. ஆனால் அவை வரும் இடத்தைப் பார்த்தால், படிக்கப்படும் என்ற எதிர்பார்ப்போடு அச்சிடப்பட்டவையாகத் தெரியவில்லை.

முதலாவது, சலுகைக் காலம் எந்த நாளில் தொடங்குகிறது என்பது. நிலுவை மாறிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்றுதான் எவரும் நினைப்பார். சில அட்டைகளில் கணக்குத் தொடங்கிய நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. அட்டை கைக்கு வந்து, விண்ணப்பித்து, பணம் மாறுவதற்குள் சில வாரங்கள் கழிந்துவிட்டால் 12 மாதம் என்று சொன்னது நடைமுறையில் 11 ஆகிறது. வகுக்க வேண்டிய எண் மாறினால் மாதத் தொகையும் மாறும். நான் பயன்படுத்திய அட்டையில் இப்படித்தான் இருந்தது. செயலியின் முகப்பில் சலுகை முடியும் நாள் எங்குமே காட்டப்படவில்லை. மாத அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. கடனை அடைக்க உதவும் ஒரு சேவையில் முதலில் கண்ணில் பட வேண்டிய தகவல் அந்த நாள்தான் என்பதால் இதை நான் சிறு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது, பழைய அட்டையில் பின்தங்கி வரும் வட்டி. கடைசி அறிக்கை வந்த நாளுக்கும் நிலுவை மாறிய நாளுக்கும் இடைப்பட்ட நாள்களுக்கான வட்டி அடுத்த அறிக்கையில்தான் வெளிவரும். நிலுவை பூஜ்ஜியமாகிவிட்டது என்று பழைய அட்டையை மறந்துவிடுபவருக்கு அந்தச் சிறு தொகை தாமதக் கட்டணமாக வளர்ந்து, கடன் வரலாற்றிலும் ஒரு கறையாகப் பதியும். எனவே மாற்றிய பிறகும் இரண்டு அறிக்கைகள் வரை பழைய கணக்கைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதேபோல், மாற்றம் நிறைவேறியது என்று உறுதியாகும்வரை பழைய அட்டையின் கட்டணத் தேதியைத் தவறவிடக் கூடாது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்ற செய்தி பணம் போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சான்றாகாது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. வட்டி இல்லை என்பது மாற்றப்பட்ட தொகைக்கு மட்டுமே. அந்தப் புதிய அட்டையில் வாங்கும் பொருள்களுக்கும் அது பொருந்தும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கடன் அட்டையில் வழக்கமாகக் கிடைக்கும் வட்டியில்லாக் காலம் என்பது முந்தைய நிலுவையை முழுவதும் செலுத்தியவருக்கு உரியது. நிலுவையைச் சுமந்துகொண்டிருக்கும் அட்டையில் ஒரு பொருளை வாங்கினால், பல நிறுவனங்களில் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கும். செலுத்தும் தொகை முதலில் எந்தப் பகுதிக்கு வரவு வைக்கப்படும் என்பதும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் 2009-இல் வந்த கடன் அட்டைச் சட்டம், குறைந்தபட்சத்துக்கு மேல் செலுத்தும் தொகையை அதிக வட்டியுள்ள பகுதிக்கே முதலில் வரவு வைக்க வேண்டும் என்று விதித்தது. அப்படி ஒரு விதி தேவைப்பட்டது என்பதிலிருந்தே அதற்கு முன் நடைமுறை எப்படி இருந்தது என்பதை ஊகிக்கலாம். இத்தகைய பாதுகாப்பு இல்லாத இடத்தில் செலுத்தும் பணம் வட்டியில்லாப் பகுதியைக் கரைத்துக்கொண்டிருக்க, புதிய செலவின் வட்டி தொடப்படாமல் வளரும். ஆகவே நிலுவையை மாற்றிய அட்டையில் எதையும் வாங்காமல் இருப்பதே சரி. இதில் விதிவிலக்குக்கு இடம் தர நான் தயாராக இல்லை.

காலியாகிவிட்ட பழைய அட்டையும் இதே அளவு கவனத்துக்குரியது. நிலுவை போனதும் அதன் கடன் வரம்பு முழுவதும் மறுபடி திறந்துவிடுகிறது; தொட்டியைக் காலிசெய்துவிட்டுக் குழாயை மூடாமல் விட்டதற்கு ஒப்பாகும் அது. உடனே கணக்கை மூடிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை; நீண்ட நாள் நடந்துவந்த கணக்கை மூடுவதும் மொத்த வரம்பு குறைவதும் கடன் மதிப்பெண்ணைப் பாதிக்கக்கூடும். இணையக் கடைகளில் சேமித்துவைத்த அட்டை எண்ணை நீக்குவது, தானாகப் பிடிக்கப்படும் சந்தாக்களை நிறுத்துவது, அட்டையின் பயன்பாட்டை நிறுவனத்திடம் சொல்லி முடக்கிவைப்பது, வரம்பைக் குறைக்கக் கேட்பது ஆகியவை போதும். நான் உடனிருந்து பார்த்தவற்றில் சேவை பயன் தராமல் போன ஒரே இடம் இதுதான். சலுகை முடிந்தபோது புதிய அட்டையில் பாதி நிலுவையும் பழைய அட்டையில் புதிதாக ஒரு நிலுவையும் இருந்தன. வட்டி விகிதத்தை மாற்றித் தரும் சேவையால், வருவாயைவிடச் செலவு அதிகமாக இருப்பதை மாற்ற முடியாது. அதற்கு அட்டையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கைப்பணத்தில் சில மாதங்கள் வாழ்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சேவையின் மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை வேறொன்று. இது மிகவும் தேவைப்படுபவருக்குக் கிடைப்பதில்லை. தவணை தவறியவர், வரம்பு முழுவதையும் பயன்படுத்திவிட்டவர், குறுகிய காலத்தில் பல கடன்களுக்கு விண்ணப்பித்தவர் ஆகியோரின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் மறுக்கப்படும். ஒவ்வொரு விண்ணப்பமும் கடன் வரலாற்றில் பதிவாகும் என்பதால் மறுக்கப்பட்ட விண்ணப்பமும் ஒரு சுமைதான். ஒப்புதல் கிடைத்தாலும் முழு நிலுவையையும் மாற்ற இடம் தரும் அளவுக்கு வரம்பு இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே முழு நிலுவையையும் கட்ட முடியாமல் போகும் முதல் சில மாதங்களிலேயே, கடன் வரலாறு நன்றாக இருக்கும்போதே, இதைத் தேட வேண்டும். எப்படியும் அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று காத்திருக்கும் காலத்தில்தான் தகுதி கைநழுவுகிறது. பகுதி மட்டும் மாற்ற முடிந்தால், பல அட்டைகளில் வட்டி விகிதம் மிக உயர்ந்தது எதுவோ அதிலிருந்து மாற்றுவதே கணக்குப்படி சரி. சிறிய கடனை முதலில் முடித்தால் மனத்துக்குத் தெம்பு வரும் என்பவர்களை நான் மறுக்கவில்லை. விகிதங்களுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லாதபோது அப்படிச் செய்வதால் இழப்பும் அதிகமில்லை.

மாற்று வழிகளோடு ஒப்பிடாமல் மதிப்பீடு முழுமை பெறாது. அட்டை நிறுவனமே நிலுவையைத் தவணைகளாகப் பிரித்துத் தருவதாக அழைத்துச் சொல்லும் சலுகை பலருக்கும் வந்திருக்கும். அதில் மாதம் 1 விழுக்காடுதான் என்று சொல்லப்படும்போது, அது குறையும் நிலுவைக்கா, தொடக்கத் தொகைக்கா என்று கேட்டாக வேண்டும். தொடக்கத் தொகைக்கே 12 மாதமும் 1 விழுக்காடு என்றால், அடைத்து முடித்த பகுதிக்கும் வட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறோம். குறையும் நிலுவையின் கணக்கில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 விழுக்காடு. அப்படியிருந்தும் 36 விழுக்காட்டைவிட அது நல்லதுதான். தவணை நிலையானது, முடியும் மாதம் தெரிந்தது என்பதால் ஒழுங்காகக் கட்டும் பழக்கம் வராதவருக்கு நிலுவை மாற்றைவிட இதுவே பொருத்தமாக இருக்கலாம். தனிநபர் கடன் எடுத்து அட்டையை அடைப்பதும் இதே தன்மையுடையது; செயலாக்கக் கட்டணத்தையும் முன்கூட்டியே முடித்தால் பிடிக்கப்படும் கட்டணத்தையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். கடனைப் பாதிக்கு முடித்துத் தருகிறோம் என்று முன்பணம் கேட்கும் இடைத்தரகர்களை விலக்குங்கள். சமரசத் தீர்வு உண்மையாகவே தேவைப்படும் நிலையில் இருப்பவர் கடன் கொடுத்த நிறுவனத்திடமே நேரடியாகப் பேசலாம். அப்படி முடிக்கப்பட்ட கணக்கு முழுவதும் செலுத்தப்பட்டதாகப் பதியாது என்பதையும், அதன் தடம் கடன் வரலாற்றில் சில ஆண்டுகள் நிற்கும் என்பதையும் அறிந்தே அதைச் செய்ய வேண்டும். அட்டையிலிருந்து ரொக்கம் எடுத்து இன்னோர் அட்டையைக் கட்டுவது எந்தக் கணக்கிலும் தேறாது. ரொக்கத்துக்கு எடுத்த நாளிலிருந்தே வட்டியும், தனியே ஒரு கட்டணமும் உண்டு.

சேவையை எடுத்துக்கொள்ள முடிவுசெய்தவர் முதல் நாளே செய்ய வேண்டியது ஒன்று. புதிய அட்டையில் தானியங்கிப் பிடித்தத்தைக் குறைந்தபட்சத் தொகைக்கு அமைத்துக்கொள்ளும்படி விண்ணப்பப் படிவமே தூண்டும். பல படிவங்களில் அதுவே முன்கூட்டித் தேர்வு செய்யப்பட்டிருக்கும். அதை மாற்றி, வகுத்து வந்த முழு மாதத் தொகைக்கு அமைக்க வேண்டும். சம்பளம் வரும் நாளுக்கு அடுத்த நாளாக இருந்தால் நல்லது. ஒரு தவணை தாமதமானாலும் சலுகை விகிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் உரிமையைச் சில நிறுவனங்கள் நிபந்தனையில் வைத்திருக்கின்றன. இன்னும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும் அட்டையில் கட்டுபவருக்கோ கெடு நாள்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. வட்டி ஒவ்வொரு நாளின் நிலுவைக்கும் கணக்கிடப்படுவதால், பத்து நாள் முன்னதாகக் கட்டினால் பத்து நாள் வட்டி அந்தத் தொகைக்கு இல்லை.

கட்டணம் 3 விழுக்காட்டுக்கு மேற்படாமல், சலுகைக் காலம் 12 மாதத்துக்குக் குறையாமல், வட்டி தள்ளிவைக்கப்படாமல் உண்மையிலேயே நீக்கப்பட்டதாக இருந்தால், மாதம் 3 விழுக்காடு கட்டிக்கொண்டிருக்கும் எவருக்கும் தயக்கமின்றி இதைப் பரிந்துரைப்பேன். கடைசித் தவணை சென்ற பிறகு நிலுவை எதுவும் இல்லை என்பதற்கான கடிதத்தை இரு நிறுவனங்களிடமிருந்தும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த சில மாதங்களில் கடன் அறிக்கையை எடுத்து, இரு கணக்குகளின் நிலுவையும் பூஜ்ஜியமாகப் பதிந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். பதியாமல் இருந்தால், அந்தக் கடிதத்தை இணைத்தே திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம்.